மூலை என்று எழுதிய பலகைகள்

நான் மூட்டை தூக்குகிறவன். மழலையர் பள்ளியில் அலமாரி நகர்த்த ஆள் வேண்டும் என்று காதில் விழுந்ததும் வேறெதுவும் கேட்காமல் போய் நின்றேன். காரணம் இருந்தது. என் மகளுக்குச் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அவள் பெண்ணை அதுவரை பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டம்மா, இனி முடியாது என்று கையை விரித்துவிட்டாள். பேத்தி இந்தப் பள்ளியில் தங்கினால்தான் மகள் வேலைக்குப் போக முடியும். அவளைப் பட்டாணி என்றுதான் கூப்பிடுவோம். உருண்டு திரண்டு அப்படித்தான் இருப்பாள்.

"வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் கூட்டிட்டு வாங்க. இருந்தா சேர்த்துக்கலாம். ஒட்டலைன்னா அடுத்த வருஷம்தான்" என்று டீச்சர் மகளிடம் சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை நான் போனபோது அது வகுப்பறையாக இல்லை. நீளமான கூடம், குதிரை ஓட்டலாம். டீச்சர் தரையெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தார்.

"ஐயா, சத்தம் போடுற இடமும் சத்தம் ஆகாத இடமும் சம்பந்தி வீடு மாதிரி. தள்ளி இருந்தாத்தான் மரியாதை" என்றார்.

அதன்படி புத்தகங்கள் ஜன்னல் ஓரம் போயின. மரக்கட்டைகள் எதிர்க்கோடிக்கு, அதுவும் தடித்த விரிப்பின் மேல். விழுந்தால் இடி இடிக்காது. சாயம் பூசும் மேசை குழாயடியில். நடுவில் பொம்மைச் சமையல் சாமான்கள். அலமாரி எதுவும் என் இடுப்புக்கு மேல் உயரக்கூடாது. எங்கே நின்றாலும் எல்லாத் தலையும் தெரிய வேண்டுமாம்.

புத்தக அலமாரி மட்டும் சுவரோடு ஒட்டவில்லை. தண்ணீர்க் குழாய் இடித்தது. ஒரு பிள்ளை நுழைகிற இடைவெளி விழுந்துவிட்டது. டீச்சர் அலமாரியை உலுக்கிப் பார்த்தார்.

"சாயாம திருகாணி போட்டுடுங்க. இடைவெளி இருக்கட்டும்."

பிறகு நாலு பலகையும் தூரிகையும் கொடுத்தார். "எழுதுவீங்களா?"

"எழுதுவேன். மெதுவா."

நரை விழுந்த பிறகு கற்ற எழுத்து. மூட்டைக்கு நடுங்காத கை தூரிகைக்கு நடுங்கும். புத்தக மூலை என்று நினைத்து எழுதி நிமிர்ந்தேன். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயா, புத்தகத்துக்கு மூளை வச்சிட்டீங்க. எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க, தேவைப்படுது."

இந்த லகரமும் ளகரமும் இரட்டைப் பிள்ளைகள். பெற்றவளுக்குத்தான் அடையாளம் தெரியும். அதை ஓரமாக வைத்துவிட்டு, இன்னொரு பலகை கேட்டு வாங்கி, நாலு இடத்துக்கும் நாலு மூலை எழுதி மாட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளைகள் வந்தார்கள். மகளும் பட்டாணியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒரு திருகாணி பாக்கியிருந்ததால் நானும் இருந்தேன். டீச்சர் கை தட்டினார்.

"எல்லாரும் பிடிச்ச மூலைக்குப் போங்க பார்ப்போம்."

பிள்ளைகள் சிதறி ஓடினார்கள். பட்டாணி தன் அம்மாவின் கையை விட்டாள். நேராகக் கதவோரச் சுவருக்குப் போனாள். மூக்கு சுவரில் முட்ட, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அழவில்லை.

மகள் ஓடிப்போய்க் குனிந்தாள். "ஏன்டி இங்க நிக்கிற?"

"மூலைக்குப் போகச் சொன்னாங்க." பட்டாணி சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "நான் ஒண்ணும் கொட்டலையேம்மா."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பக்கத்து வீட்டம்மா இவளை இப்படித்தான் மூலையில நிக்க வச்சிருக்குப்பா" என்றாள்.

டீச்சருக்குப் புரிந்துவிட்டது. ஓரத்தில் கிடந்த என் தப்புப் பலகையை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இது மூலை இல்லடா கண்ணு. மூளை. நாக்கை மடிச்சுச் சொல்லணும், மூ…ளை."

பட்டாணி சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள். எனக்கே வித்தியாசம் கேட்கவில்லை, அவளுக்கு எங்கே கேட்கும். டீச்சர் பலகையைக் கீழே வைத்துவிட்டு, மற்றப் பிள்ளைகளை விளையாடச் சொல்லிவிட்டு, சும்மா உட்கார்ந்திருந்தார். மகள் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தாள். திங்கட்கிழமை கையைவிட்டுப் போகிறது என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. அதைப் படிக்க எழுத்து தெரிய வேண்டியதில்லை.

எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. தரையில் படுத்துத் திருகாணியை முடுக்கத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் தலைமாட்டில் இரண்டு குட்டிக் கால்கள்.

"தாத்தா, என்ன பண்ற?"

"அலமாரி ஆடுது. கட்டிப் போடுறேன்."

"அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்? தொப்பை போகாது. நீ பார்த்துட்டு வந்து சொல்லு."

பக்கவாட்டில் நுழைந்தாள். பிறகு உள்ளிருந்து குரல் வந்தது.

"தாத்தா, இங்க ஒரு சந்து."

எங்கள் வீடும் சந்தில்தான். எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு பல்லியாக ஒட்ட வேண்டும். அவளுக்குத் தெரிந்த ஊரே அதுதான். சந்தின் மறுமுனையில் புத்தகங்களைப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. தலையை நீட்டி, சாயம் பூசிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டாள்.

"ஏய், எங்க சந்துக்கு வரியா?"

டீச்சர் எழுந்துவிட்டார். "அது புத்தகச் சந்து. அங்க பாருங்க, கட்டைச் சந்து. அது சாயச் சந்து. சமையல் சந்து யாருக்கு?"

எனக்கு, எனக்கு என்று நாலு குரல் வந்தது. டீச்சர் என் பக்கம் குனிந்தார்.

"உங்க பேத்தி சந்துல சிந்து பாடிட்டா ஐயா."

மகள் வாசலில் நின்று, "அம்மா கடைக்குப் போய்ட்டு வந்துடறேன்" என்றாள், சோதித்துப் பார்க்கிறவள் போல. அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு கை மட்டும் நீண்டு ஆடியது.

"சரி. வர்றப்ப சந்து வழியா வா."

"திங்கட்கிழமை நீங்க வேலைக்குப் போங்கம்மா" என்றார் டீச்சர். மகள் தலையாட்டிவிட்டு வேகமாக வெளியே போனாள். கண்ணைத் துடைக்கத்தான்.

"நாலு பலகையும் திரும்ப எழுதணுமா டீச்சர்?"

"எழுதணுமே."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். தூரிகையைத் தொட்டு எடுத்த பிறகுதான் சந்தேகம் வந்தது.

"டீச்சர், மூணு 'ந' இருக்கே. சந்துக்கு எது?"

"பந்துக்கு வர்றதுதான்."

பந்து எனக்குத் தெரியும்.