மரகதவல்லி இருந்த கல்கண்டு

என் மனைவி மரகதவல்லி இறந்ததும் அவளை ஒரு கல்கண்டில் சேமித்துக் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் எல்லோரையும் கல்கண்டில்தான் சேமிப்பார்கள். முன்பு எலுமிச்சம்பழத்தில் சேமித்தார்கள். ஜனங்கள் ஊறுகாய் போட்டுவிட்டார்கள்.

நாக்கில் வைத்தால், வைத்தவர் வாய்வழியாக அவள் பேசுவாள் என்று சேமிப்பு நிலையத்துக் குமாஸ்தா சொன்னார். பேசப் பேசக் கரையும். இன்னொரு பிரதி கிடையாது. எறும்புக்கு நிலையம் பொறுப்பல்ல.

நான் அவளை ஒரு டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தேன். மகள் கோதைக்குக் கல்யாணம் நிச்சயமானது.

"அம்மா ஒரு வார்த்தை வாழ்த்தாம நான் தாலிக்குக் கழுத்த நீட்ட மாட்டேம்ப்பா" என்றாள் கோதை. நியாயம்தான். எனக்கும் மரகதத்தின் குரலைக் கேட்க வேண்டும் போலிருந்தது.

முகூர்த்தத்தன்று டப்பாவை மண்டப வாசலில் என் கொழுந்தியாள் தமயந்தியிடம் கொடுத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினேன். நிமிர்வதற்குள் அவள் அதை வரவேற்புத் தட்டில் கொட்டிவிட்டாள். சந்தனம், குங்குமம், பன்னீர்ச் சொம்பு, கல்கண்டு. தட்டு பார்க்க லட்சணமாக இருந்தது.

"கல்யாண வீட்ல கல்கண்டு தட்டுலதான அத்தான் இருக்கணும்?" என்றாள்.

நான் தட்டைத் துழாவினேன். அப்போது மாப்பிள்ளையின் பெரியப்பா ஏகாம்பரம் என் மனைவியின் குரலில் பேசினார்.

"ஏங்க, பிரஷர் மாத்திரை போட்டீங்களா?"

அவரே திடுக்கிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தார். நல்லவேளை, கல்கண்டை அவர் கடிக்கவில்லை. அவருக்குப் பல் கிடையாது.

போட்டுவிட்டேன் என்றேன். போடவில்லை. எனக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு மணமேடையை நோக்கி நடந்தேன்.

மண்டபம் நீண்டது. நாங்கள் ஒரு வரிசையைக் கடந்தால் முன்னால் இரண்டு வரிசை முளைத்தது. புதிய நாற்காலிகளிலும் ஆட்கள் காலையிலிருந்து உட்கார்ந்திருப்பவர்கள் போல விசிறிக்கொண்டிருந்தார்கள். மண்டப மேனேஜரிடம் கேட்டேன். முகூர்த்த நாளில் அப்படித்தான் சார் என்றார்.

வழியெல்லாம் அவள் பேசினாள். பால் பொங்குகிறதாம். மாடியில் துணி காய்கிறதாம், மழை வருகிறதாம். வார்த்தைக்கு வார்த்தை கல்கண்டு தேய்ந்தது.

"மரகதம், கொஞ்சம் பேசாம வாயேன்" என்று கெஞ்சினேன். உயிரோடு இருந்தபோதும் இதைத்தான் சொல்லுவேன். அப்போதும் அவள் கேட்டதில்லை.

"கரையுதுங்க" என்றார் ஏகாம்பரம், சொந்தக் குரலில், வாயின் ஒரு ஓரமாக. "எனக்கு சுகர் வேற."

எப்படியோ மேடைக்கு வந்துவிட்டோம். மாப்பிள்ளை தாலியோடு காத்திருந்தார். கோதை குனியாமல் உட்கார்ந்திருந்தாள். ஏகாம்பரம் அவள் முன்னால் நின்றார்.

"கோதை, இங்க பாரும்மா."

கோதை அண்ணாந்து பார்த்தாள். அவள் முகம் சின்னப் பிள்ளை முகமாக ஆனது. அதற்குள் கூட்டம் சளசளவென்று பேச ஆரம்பித்தது. ஒரு நிமிஷம், சத்தம் போடாதீர்கள் என்று சொல்ல நினைத்து ஆள்காட்டி விரலை உயர்த்தினேன்.

மேளக்காரர்கள் காலையிலிருந்து அந்த விரலுக்குத்தான் காத்திருந்தார்கள். கெட்டி மேளம் முழங்கியது.

நான் இரண்டு கைகளையும் ஆட்டினேன். அவர்கள் இன்னும் வேகமாக வாசித்தார்கள். ஏகாம்பரத்தின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. கோதையின் கன்னத்தைத் தொட்டார். நிறையச் சொன்னார். மேளம் ஆரம்பித்துவிட்டதால் மாப்பிள்ளை தாலியைக் கட்டினார். எல்லோரும் அட்சதை போட்டார்கள். என் கையிலும் யாரோ கொஞ்சம் திணித்தார்கள். நானும் போட்டேன்.

மேளம் நின்றது. ஏகாம்பரம் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மா என்னப்பா சொன்னாங்க?" என்றாள் கோதை.

எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஏகாம்பரத்தைப் பார்த்தேன். அவர் நாக்கால் ஈறைத் தடவிப் பார்த்தார்.

"எனக்கும் காதுல விழலீங்க" என்றார். "இனிப்பா இருந்துச்சு."