குசினிக்குள் பெய்த நாடுகள்

2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பதினெட்டாம் திகதி பிற்பகல் மூன்று மணிக்கு உடுவிலில் ஸ்ரெல்லாவின் குசினிக்குள் இரண்டரை அங்குலம் வெண்பனி பெய்தது. வெளியே மாரி மழை விட்டு வெயில் எறித்துக்கொண்டிருந்தது. கொடியில் கிடந்த உடுப்புகள் காய்ந்தபடியே இருந்தன. போறணையில் நோர்வே நாட்டு நத்தார் விசுக்கோத்து ஒரு தட்டு வெந்துகொண்டிருந்தது. முகட்டு வளைக்குக் கீழிருந்து தொடங்கிய பனி அம்மியையும் அரிசிப் பானையையும் மூடி, தட்டை வெளியே எடுத்ததும் நின்றது. ஸ்ரெல்லாவின் கணவர் சண்முகநாதன் தோட்டக்காரர்; கிடைத்த தண்ணீரை வீணாக்கத் தெரியாதவர். அவர் பனியைச் சுளகால் வாரிக் கடகத்தில் போட்டு வெங்காயப் பாத்தியில் கொண்டுபோய்க் கொட்டினார். அந்த முறை அந்தப் பாத்தி நன்றாக விளைந்தது.

போறணையில் விசேஷம் எதுவும் இல்லை. காஸ் சிலிண்டருக்கு ஊரே வரிசையில் நின்ற வருடம் அது. நின்று அலுத்த சண்முகநாதன், இடிந்துபோன புகையிலைக் குடிலின் கற்களைக் கொண்டு குசினி மூலையில் அதைக் கட்டுவித்தார். காய்ந்த பனங்கொட்டை ஊமலும் தென்னம் மட்டையும் எரித்தால் பாண் வேகும், கேக் வேகும். கட்டிய மேசனைப் பிற்காலத்தில் பலர் விசாரித்தார்கள். சீமெந்து கொஞ்சம் கூடப் போட்டதைத் தவிரத் தான் ஒன்றும் செய்யவில்லை என்று அவர் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னார்.

ஸ்ரெல்லா வேதக்காரக் குடும்பத்துப் பெண், சண்முகநாதன் சைவம். இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் இருவரும் சண்டை பிடித்தது ஒரே விஷயத்துக்குத்தான்: முட்டை. திருவெம்பாவை பத்து நாளும் வீட்டுக்குள் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் கூடாது, முட்டையும் மச்சம்தான் என்பது அவர் கட்சி. முட்டையில்லாத நத்தார் என்ன நத்தார் என்பது அவள் கட்சி. திருவெம்பாவை சில வருடம் நத்தாரோடு சேர்ந்தும் சில வருடம் பின்னாலும் வருவதால், சண்டையும் நாள் பார்த்தே வந்தது.

அவளுடைய உடன்பிறந்தவர்கள் மூவரும் வெளிநாட்டில். மூத்தவர் கனிசியஸ் நோர்வேயில், தங்கை துஷாந்தினி ஜேர்மனியில், கடைக்குட்டி அருட்செல்வன் பிரான்சில். தாய் செத்தபோது அருட்செல்வனுக்கு ஆறு வயது. ஸ்ரெல்லாதான் அவனுக்குத் தலை இழுத்து, சோறு தீத்தி வளர்த்தாள். 2021இல் ஏஜென்சி மூலம் அவன் வெளிக்கிட்டபோது, பிரான்சுக்குப் போகிறான் என்று ஒழுங்கையில் உள்ள வீடு முழுவதற்கும் கேக் கொடுத்தாள். அவனும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பாரிஸிலிருந்து கதைத்தான். குரல் வரும், முகம் வராது. இணைப்பு மோசம் என்பான். அவன் குரலுக்குப் பின்னால் காகங்கள் கரகரத்த தொண்டையில் கரைவது கேட்கும். பாரிஸிலும் காகம் இருக்கிறதே என்று ஸ்ரெல்லாவுக்குச் சந்தோசம்.

மூன்று நாட்டு நத்தார் விசுக்கோத்தையும் சுட்டு ஒரே தட்டில் வைத்துச் சாப்பிட வேண்டும் என்ற ஆசை அவளுக்கு அந்த வருடம்தான் வந்தது. நாலு பேரும் ஒரு மேசையில் இருந்தது மாதிரி ஆகும் என்றாள். பக்கத்துத் திருநெல்வேலிப் பல்கலைக்கழக வளாகத்தில் படித்துக்கொண்டிருந்த மகள் ஆரபி செய்முறைகளைப் போனில் பார்த்து வாசித்தாள், ஸ்ரெல்லா மா குழைத்தாள், சண்முகநாதன் ஊமல் போட்டார். நோர்வேயின் இஞ்சி விசுக்கோத்துக்குப் பனி பெய்த கதை மேலே சொல்லியாயிற்று. ஜேர்மனியின் பிறை விசுக்கோத்துக்குக் குளிர்ந்த தூறல் விழுந்தது. துஷாந்தினியை அழைத்துக் கேட்டபோது தன் யன்னலுக்கு வெளியேயும் அதே தூறல்தான் என்றாள். பிரான்சின் நட்சத்திர விசுக்கோத்துக்கு மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. அது பேசாமல் வெந்தது. பட்டர் கிடைக்காத காலம், மாஜரின் போட்டதுதான் காரணம் என்று முடிவாயிற்று. தைப்பொங்கலுக்குப் பிறகு எந்த நாட்டு விசுக்கோத்தைச் சுட்டாலும் வெறும் புகைதான் வந்தது. மார்கழி முடிந்தால் போறணை ஓய்வெடுத்துக்கொள்ளும் என்பதையும் குறித்து வைத்துக்கொண்டார்கள்.

2023 நத்தாருக்குக் கனிசியஸ் நேரிலேயே வந்தார். பனி பெய்ததை நம்பாமல் பார்க்க வந்தவர், வரும் வழியில் பிரான்சு நாட்டு அசல் பட்டர் அரைக் கிலோ வாங்கி வந்தார். அந்த வருடம் திருவெம்பாவை நத்தாரோடு சேர்ந்து வந்துவிட்டதால் முட்டைக்குத் தடை. அசல் பட்டரில், முட்டையில்லாமல் சுட்ட பிரான்சு விசுக்கோத்து இம்முறையும் பேசாமல் வெந்தது. ஸ்ரெல்லா கணவரைப் பார்த்த பார்வையில் அவர் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். அதற்கடுத்து, முட்டையே தேவைப்படாத நோர்வே விசுக்கோத்தை ஸ்ரெல்லா குழைத்தாள், கனிசியஸ் கம்பளிச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு அம்மிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். ஒரு துகள் பனி விழவில்லை. வேர்த்துக் கொட்டியதுதான் மிச்சம். சொந்த அண்ணையை இப்படி ஏமாற்றலாமா என்று மனம் வருந்தித்தான் ஜனவரி முதல் கிழமை விமானம் ஏறினார். மிஞ்சிய மாவை வீணாக்க விரும்பாத ஸ்ரெல்லா, அவர் வீடு போய்ச் சேர்ந்த அன்று மாலை அதைச் சுட்டாள். முழங்கால் அளவு பனி பெய்தது.

தொலைபேசியில் இதைக் கேட்ட கனிசியஸ், ‘நான் இல்லாட்டி நோர்வேக்குப் பனியும் இல்லையோ?’ என்று கேட்டார். அவர் பகிடியாகத்தான் கேட்டார். ஆனால் பனிக்குள் நின்றபடியே ஸ்ரெல்லாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. மா குழைப்பவளின் சொந்த ஆள் அந்த நாட்டில் இருந்தால்தான் அந்த நாட்டு வானம் குசினிக்குள் வருகிறது. ஆள் இல்லையென்றால் வானமும் இல்லை. திருவெம்பாவை முடிந்திருந்தபடியால் அன்றே முட்டை இரண்டு உடைத்துப் போட்டு, மிஞ்சிய அசல் பட்டரில், பிரான்சு விசுக்கோத்தை மறுபடி சுட்டாள். குசினி காய்ந்தே கிடந்தது. அவள் போறணைக்கு முன்னால் குந்தியிருந்து வெகுநேரம் எழும்பவில்லை. அவள் வளர்த்த பிள்ளை பிரான்சில் இல்லை. பிறகு எங்கே இருக்கிறான்?

அவனிடமே நேரே கேட்டிருக்கலாம் என்று ஊரில் பலர் பின்னர் சொன்னார்கள். சொல்வது சுலபம். கேட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதையும் நின்றுபோகும் என்று அவள் பயந்தாள். ஒரு வருடம் முழுவதும் பாரிஸில் என்ன சமையல், என்ன வேலை என்று வழமைபோல் கேட்டு, அவன் சொன்ன பொய் அத்தனைக்கும் ஓம் போட்டாள். காகங்கள் மட்டும் பின்னால் கரைந்தன. அந்த வருடம் அவள் உருகிப்போனதைக் கண்ட சண்முகநாதன் போறணைக்கு வேண்டிய ஊமலைப் பொறுக்கிச் சாக்குச் சாக்காகச் சேர்த்து வைத்தார்.

2024 மார்கழி பிறந்ததும் தேடல் தொடங்கியது. ஏஜென்சிக்காரர் ஆட்களைக் கொண்டுபோகும் பாதையில் என்னென்ன நாடுகள் உண்டோ அவற்றையெல்லாம் ஆரபி கொப்பியில் எழுதினாள். நாளுக்கு ஒரு நாடு சுட்டார்கள். ரஷ்யாவின் தேன் விசுக்கோத்து, போலந்தின் கராம்பு விசுக்கோத்து, ருமேனியாவின் ஜாம் வைத்துச் சுருட்டியது, சேர்பியாவின் இரட்டை விசுக்கோத்து. எல்லாம் நன்றாக வெந்தன, எல்லாம் ருசித்தன, எதற்கும் வானம் வரவில்லை. தின்று முடிக்க ஆள் போதாமல் ஒழுங்கைக்குக் கொடுத்ததில் விஷயம் வெளியே போயிற்று. மறுநாளே இளைப்பாறிய தபாலதிபர் பொன்னம்பலத்தார் குடையோடு வந்து, கனடாவில் இருக்கும் மகன் மூன்று மாதமாகப் போன் எடுக்கவில்லை, தானே குழைக்கிறேன் என்று கை கழுவினார். மேப்பிள் பாணிக்குப் பதில் பனங்கட்டிப் பாணி ஊற்றியும் குளிர்காற்று அவரது சால்வையைத் தூக்கி எறிந்தது. மகன் இருக்கிறான், சோம்பல்தான் என்று திருப்தியோடு போனார். சிவக்கொழுந்து என்ற தாய் கட்டாரில் இருக்கும் பிள்ளைக்காக மாவோடு வந்தாள். கட்டாருக்கு நத்தார் விசுக்கோத்து இல்லையென்று ஆரபி பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

புதுவருடமும் பிறந்துவிட்டது. பத்தொன்பது நாடு முடிந்தது. ஜனவரி நாலாம் திகதி திருவெம்பாவை தொடங்கியபோது சண்முகநாதன் முட்டைக் கூடையைக் கொண்டுபோய்ப் பொன்னம்பலத்தார் வீட்டில் வைத்துவிட்டு வந்தார். ஸ்ரெல்லா சண்டை பிடிக்கவில்லை. மார்கழி முடிய இன்னும் பத்து நாள்தான், அதையும் இந்த மனிதன் தின்றுவிட்டார் என்று அழுதாள். அவளுடைய சண்டைக்குப் பழகியிருந்த சண்முகநாதனுக்கு அந்த அழுகை தாங்கவில்லை.

‘முட்டை இல்லாமல் சுடுற நாடு உலகத்திலை ஒண்டும் இல்லையோ? உம்மடை மகளைப் பாக்கச் சொல்லும்’ என்றார்.

ஆரபி பார்த்தாள். லித்துவேனியா என்றொரு நாடு இருந்தது. அங்கே நத்தாருக்கு முதல் நாள் இறைச்சி, முட்டை, பால் எதுவும் தொடமாட்டார்கள். மாவும் ஈஸ்ற்றும் கொஞ்சம் சீனியும் சேர்த்துப் புளியங்கொட்டை அளவில் விசுக்கோத்துச் சுடுவார்கள். சண்முகநாதனுக்கு அந்த நாட்டின் மேல் உடனே மரியாதை வந்தது. அன்றைக்கு அவர்கள் மீன் சாப்பிடுவார்கள் என்பதை ஆரபி தகப்பனுக்குச் சொல்லவில்லை. அந்த விசுக்கோத்தின் பெயர் யாருடைய வாயிலும் நுழையாததால் உடுவிலில் அது கூச்சுக்காய் ஆயிற்று. அதற்குப் பொப்பி விதை போட வேண்டும், கிடைக்கவில்லை, எள்ளுப் போட்டார்கள். போறணை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜனவரி ஆறாம் திகதி, மூவிராசாக்கள் திருநாளன்று, பிற்பகல் இரண்டரை மணிக்குத் தட்டு உள்ளே போனது. ஐந்து நிமிடத்தில் போறணை வாய் தெரியாதபடி குசினிக்குள் மூடுபனிப் புகார் இறங்கியது. ஈர மரவாசம் அடித்தது. பிறகு நனைந்த பனி பொத்துப் பொத்தென்று விழத் தொடங்கியது. புகாருக்குள், வளைக்கு மேலே எங்கோ, கரகரத்த தொண்டையில் காகங்கள் கரைந்தன. ஸ்ரெல்லா அந்தக் காகங்களை வருடக்கணக்காக ஞாயிறு தோறும் கேட்டவள். மா ஒட்டிய கையோடு போனை எடுத்தாள். அன்று திங்கட்கிழமை. அருட்செல்வன் பதறிக்கொண்டு எடுத்தான்.

‘தம்பி, உங்கை புகார் மூடிக் கிடக்கு. நனைஞ்ச ஸ்னோ விழுது. பொய்யெண்டால் சொல்லு.’

அந்தப் பக்கம் நெடுநேரம் காகங்கள்தான் கதைத்தன.

‘அக்கா, நீங்கள் எங்கை நிக்கிறியள்?’

‘குசினிக்கை.’

அதன் பிறகு அவன் எல்லாவற்றையும் சொன்னான். ஏஜென்சிக்காரன் ஒரு காட்டு எல்லையில் இறக்கிவிட்டுப் போனதையும், பதினொரு மாதம் முகாமில் இருந்ததையும், இப்போது ஒரு சின்னப் பட்டினத்துச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுவதையும், கடைக்குப் பின்னால் காகங்கள் அடையும் மரம் இருப்பதையும் சொன்னான். பிரான்சுக்குப் போகிறான் என்று ஒழுங்கை முழுக்கக் கேக் கொடுத்தீர்களே, அந்தச் சனத்தின் முகத்தில் எப்படி முழிப்பது என்று கேட்டு விக்கினான்.

‘ஒழுங்கைக்கு எல்லாம் தெரியும். பொன்னம்பலத்தார் இப்பவும் குடையோடை வாசல்லை நிக்கிறார். இனி ஒளிக்க ஒண்டும் இல்லை. எனக்குப் பிரான்சு வேண்டாமடா, நீ வா’ என்றாள் ஸ்ரெல்லா.

கடதாசி அலுவல்கள் பதினொரு மாதம் எடுத்தன. 2025 டிசம்பர் இருபதாம் திகதி, திருவெம்பாவைக்கு ஐந்து நாள் முன்பு, அருட்செல்வன் ஒரு பையோடு படலையைத் திறந்துகொண்டு வந்தான். மெலிந்திருந்தான், முன்மயிர் கொஞ்சம் கொட்டியிருந்தது. ஒழுங்கைச் சனம் வந்து பார்த்து, பிரான்சைப் பற்றி ஒரு சொல்லும் கேட்காமல், அங்கே குளிர் எப்படி என்று மட்டும் விசாரித்துவிட்டுப் போனது. சண்முகநாதன் மச்சானின் முதுகில் தட்டி, அந்த நாட்டுச் சனம் ஒழுக்கமான சனம் என்றார்.

ஸ்ரெல்லா மட்டும் அவனைக் கட்டிப்பிடிக்கவில்லை. வருடக்கணக்காகப் பாரிஸை நம்பியவளுக்குக் கண்ணையும் காதையும் நம்ப மனம் வரவில்லை. அவனைக் குசினிக்குள் கதிரையில் இருத்திவிட்டு, எள்ளுப் போட்டு மா குழைத்தாள், புளியங்கொட்டை அளவில் உருட்டினாள், தட்டை உள்ளே தள்ளினாள். ஒரு வருடமாகப் புகாரைப் பற்றிக் கேட்டுக் கேட்டு ஆசைப்பட்டிருந்த அருட்செல்வன் முகட்டைப் பார்த்தபடி இருந்தான். சண்முகநாதன் பனிக்குத் தயாராகக் குடையை விரித்துப் பிடித்தார். ஐந்து நிமிடம் போனது, பத்து நிமிடம் போனது. எள்ளு வாசம் வந்தது. வெளியே கொய்யா மரத்தில் ஊர்க் காகம் ஒன்று கரைந்தது. தட்டை வெளியே எடுத்தபோது குசினி, அம்மி, அரிசிப் பானை எல்லாம் காய்ந்தபடியே கிடந்தன.

‘என்னக்கா, ஒண்டுமே நடக்கேல்லை’ என்றான் அருட்செல்வன், முகம் வாடி.

ஸ்ரெல்லா தட்டை நிலத்தில் வைத்துவிட்டு அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதாள். அது சந்தோச அழுகை. சண்முகநாதன் குடையை மடக்கி மூலையில் வைத்தார். பிறகு அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு தம்பிக்குத் தேத்தண்ணி ஊற்றினாள்.