மூலையில் இருந்த ஜாயின்ட்

சகலை தன் கார் ஷெட்டில் பழைய இரும்பை வைத்தே ஒரு ஜிம் கட்டிவிட்டான் என்று கேட்டதும் வெல்டருக்கு வயிறு எரிந்தது. ஆபீஸில் ஃபைல் புரட்டுகிறவனுக்கு இரும்பில் என்ன வேலை? மனைவியின் தங்கையைக் கட்டிய நாளிலிருந்து குடும்பத்தில் நல்ல பேரெல்லாம் அவனுக்குத்தான். இவருக்கென்று மிஞ்சியிருந்தது வெல்டிங் ஒன்று. அதிலும் கை வைத்துவிட்டான்.

"எங்க கத்துக்கிட்டானாம்?"

"மூணு மாசமா போன்ல பாத்துத்தானாம். தம்பி கெட்டிக்காரர்," என்றாள் மனைவி.

இருபத்தெட்டு வருஷம் நெருப்போடு நின்றவரைப் பார்த்து அவள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அதுவும் எப்பேர்ப்பட்ட நேரத்தில்! ஒன்றரை வருஷமாக அவருடைய வலது கை நடுங்குகிறது. பட்டறையில் சின்னச் சின்ன வேலையாகப் பொறுக்கி எடுத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். வீட்டில் மூச்சு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் சகலை வீட்டுக்குப் போனார்கள். லாரி ஆக்ஸிலின் இரண்டு முனையிலும் பிரேக் டிரம்களை மாட்டி வெயிட் செய்திருந்தான். பழைய பஸ் சீட் ஒன்று பெஞ்சாகியிருந்தது. மருமகள் சமையலை ருசி பார்க்கும் மாமியார்போல வெல்டர் ஒவ்வொரு ஜாயின்டையும் குனிந்து குனிந்து தடவிப் பார்த்தார்.

"என்னப்பா இது, கோழி எச்சம் போட்ட மாதிரி?"

"ஆமாண்ணே, எனக்கு அவ்வளவுதான் வருது," என்று சிரித்தான் சகலை.

மனசு கொஞ்சம் குளிர்ந்தது. ஆனால் தொங்கிப் பயிற்சி செய்வதற்கான உயரமான சட்டத்தின் மூலைக்கு வந்ததும் கட்டைவிரல் நின்றுவிட்டது. கறுப்புப் பெயின்டுக்கு அடியில் மீன் செதில் அடுக்கியதுபோல ஒரு ஜாயின்ட். குறை சொல்ல இடமே இல்லை. மற்றதெல்லாம் பழகுவதற்குப் போட்டது, இது தேறியபின் போட்டது என்று பொறாமையே கணக்குப் போட்டுக் கொடுத்தது. மூன்றே மாதத்தில்!

"இது தாங்காது," என்றார். வாய் கூசவில்லை. "வெளியிலதான் பளபளப்பு. உள்ள ஒட்டவே இல்ல. ஆள் தொங்கினா விழுந்துடும். அறுத்துப் போடு."

சகலையின் முகம் வாடியது.

"அண்ணே, இது நீங்க போட்டதுண்ணே. வீடு கட்டினப்போ தண்ணித் தொட்டிக்கு ஸ்டாண்டு செஞ்சு குடுத்தீங்களே, பன்னெண்டு வருஷம் முன்னாடி? அந்த ஸ்டாண்டோட மத்த ஜாயின்டையெல்லாம் அறுத்துத்தான் இந்தச் சட்டம் பண்ணேன். இதுல மட்டும் பிளேடு வைக்க மனசு வரல."

வெல்டரின் கட்டைவிரல் மறுபடி அந்த ஜாயின்டுக்குப் போனது.

"ஆனா நீங்களே சொல்றீங்கன்னா அறுத்துடறேன். நீங்களே புதுசா ஒண்ணு போட்டுக் குடுங்க." அவர் வார்த்தையை அப்படியே நம்பி, வெல்டிங் ராடு மாட்டிய ஹோல்டரைக் கையில் கொடுத்தான்.

மெஷினை இன்னும் போடவில்லை. ராடின் நுனி சட்டத்தில் டக்டக்கென்று தட்டியது. அவர் அழுத்திப் பிடித்தும் நிற்கவில்லை. பெருமைப்படத்தான் வேண்டும். ஆனால் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய அந்த ஆள்மேல் அவருக்கு வந்த பொறாமை, சகலைமேல்கூட வந்ததில்லை.

ஹோல்டரைக் கீழே வைத்தார்.

"அறுக்காத. யானை தொங்கினாலும் தாங்கும். எரிச்சல்ல பொய் சொல்லிட்டேன்." மனைவி பக்கம் திரும்பினார். "இனிமே என்னால இப்படிப் போட முடியாது. கை நடுங்குது. உங்கிட்ட சொல்லல."

"நீங்க சொல்லித்தான் தெரியணுமா?" என்றாள் அவள். "ஒன்றரை வருஷமா நீங்க சிந்துற காபிய யார் தொடைக்கிறான்னு நெனச்சீங்க?"