செம்புப் பட்டைக்கு அடியில்

கேரவன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தபோதுதான் இன்பராஜ் பின்சக்கரத்தில் கட்டியிருந்த ஆளைப் பார்த்தான். முப்பது வயது இருக்கும். காக்கிச் சட்டை. உதட்டோரம் ரத்தம் காய்ந்திருந்தது. ஒரு கண் வீங்கத் தொடங்கியிருந்தது. வலது கை சக்கரத்தோடு கயிற்றில். இடது கையை மடியில் போட்டு, யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப் போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் இரண்டு விரல்கள் கத்தரிக்காய் நிறத்துக்கு வீங்கியிருந்தன.

“டிரைவர் பாண்டியன்,” என்றார் கன்னியப்பன். “அவன வுடு. நீ வண்டியப் பாரு இஞ்சினீரு.”

கன்னியப்பன் அந்தத் தோல் தொழிற்சாலையின் மேஸ்திரி. ஆம்பூர் பைபாஸை ஒட்டிய அந்த வளாகத்தில் முதலாளிக்கு அடுத்து அவர் சொல்தான். கையில் ஒரு மரச்சுத்தி. தோல்களில் எண் அச்சு குத்துகிற சுத்தி. அதன் முகத்தில் புதிதாக ஒரு கறை.

வண்டி முதலாளியின் ஆசை. தோல் வாங்க வரும் வெளிநாட்டுக்காரர்களை ஏலகிரிக்கு அழைத்துப் போவதற்காகப் பெரிய வேன் ஒன்றை வீடாக்கியிருந்தார். உள்ளே கட்டில், ஃபிரிட்ஜ், அடுப்பு, டிவி, ஏசி. இவற்றுக்கும் எஞ்சினுக்கும் சேர்த்து, கட்டிலுக்கு அடியில் ஒரே பெரிய பேட்டரி. ராத்திரி நிறுத்தினால் காலையில் செத்துக் கிடக்கும். இரண்டு மாதமாக இதே கதை. மூன்று பேட்டரி மாற்றியாகிவிட்டது.

“வந்தவனுங்கல்லாம் பகல்ல மீட்டர் வெச்சுப் பாத்துட்டு, ஒரு கோளாறும் இல்லன்றானுங்க. அப்ப இன்னா அர்த்தம்? இந்த நாயி ராத்திரில உள்ள பூந்து ஏசி போட்டுனு படுத்துக்குது. நேத்து சாவிய நானே ஊட்டுக்கு எடுத்துனு போய்ட்டேன். காலைல பாத்தா பேட்டரி காலி, இப்ப வேற புதுசு மாட்டியிருக்கு. டூப்ளிகேட் சாவி வெச்சிருக்கான். எங்கடான்னா வாயத் தொறக்க மாட்டன்றான்.”

“இருந்தா தான சொல்றதுக்கு,” என்றான் பாண்டியன்.

கன்னியப்பன் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவன் விலாவில் உதைத்தார். மணிக்கட்டில் கிடந்த தடித்த வெள்ளிக் காப்பு ஒரு குலுங்கு குலுங்கி அடங்கியது. பாண்டியன் மூச்சு வராமல் வாயைத் திறந்து திறந்து மூடினான். சுற்றி நின்ற நான்கைந்து ஆட்கள் தரையைப் பார்த்தார்கள்.

“நாலு மணிக்குப் பார்ட்டி வருது. வண்டில ஒன்னும் இல்லன்னு நீ ஒரு வார்த்த சொல்லு. இன்னும் எட்டு விரல் இருக்குது இவனுக்கு. சாவி தானா வந்துடும்.”

பயமோ கோபமோ வர வேண்டிய இடம் அது என்று இன்பராஜுக்குத் தெரிந்தது. வரவில்லை. பள்ளிகொண்டா அருகே மனைவி கிறிஸ்டினாவை லாரி அடித்து எட்டு மாதம். அன்றிலிருந்து எதுவும் வரவில்லை. இஞ்சினியரிங் படித்து, பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, வண்டி வயரிங் பார்க்கக் கிளம்பியதும் அதனால்தான். வயர்கள் துக்கம் விசாரிப்பதில்லை.

கன்னியப்பன் போன் பேசப் போனார். இன்பராஜ் கல்யாண மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டான்.

“இன்னாத்துக்குண்ணா அத்த கழட்ற?” கீழேயிருந்து பாண்டியன் கேட்டான். எதையாவது பேசினால் வலி குறையும் என்பதுபோல் கேட்டான்.

“பேட்டரிகிட்ட இரும்பு, வெள்ளி எதுவும் கூடாது. ஒரு பக்கம் செம்புப் பட்டையிலயும் ஒரு பக்கம் வண்டி பாடியிலயும் பட்டா கையோட வெந்துடும்.”

கட்டில் பலகையைத் தூக்கி, பேட்டரியிலிருந்து போகும் கேபிளைக் கிளாம்ப் மீட்டரால் கவ்வினான். வண்டி அணைந்திருக்கும்போது எவ்வளவு கரண்ட் போகிறது என்று அது காட்டும். 0.05 ஆம்பியர். ஒரு மாதம் நிறுத்தி வைத்தாலும் பேட்டரி தாங்கும். ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கிப் பார்த்தான். அதே எண்.

“சொன்னேன்ல?” கன்னியப்பன் வாசலில் நின்றார். உள்ளே பதித்த தோலைப் பெருமையாகத் தடவினார். “சீட்டு, சுவரு, கூரை எல்லாம் என் கைப்பட்ட தோலு. கண்ணுக்குத் தெரியாத எடத்துலகூட வெச்சிருக்கேன். ஒரு ஆட்டம் கிடையாது, ஒரு சத்தம் கிடையாது. கோளாறு இவன்கிட்டதான்.”

அவர் இறங்கிப் போனார். ஒரு பலகையை இழுக்கும் சத்தம். பாண்டியன் “வேணாம் மேஸ்திரி, வேணாம்” என்றான்.

இன்பராஜ் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். “சாயங்காலம் வண்டிய இன்னா பண்ணுவீங்க? நிறுத்தறதுக்கு முன்னாடி?”

“கழுவுவோம்ணா. தெனமும். நம்ம போர் தண்ணில…” ஓர் ஆள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சுத்தி இறங்கியது. பச்சைக் குச்சி ஒடிவது போன்ற சத்தம். பாண்டியன் கத்தவில்லை. வாந்தி எடுத்தான்.

“ஓஸ் எடுத்துட்டு வாங்க,” என்றான் இன்பராஜ்.

அந்தத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. அத்தனை உப்பு. தினமும் கழுவுவதுபோலவே கழுவச் சொன்னான். பக்கவாட்டில், பேட்டரிக்குக் காற்று போக விட்டிருந்த சல்லடைத் துளைகள் வழியாகவும் தண்ணீர் பாய்ந்தது. மீட்டரைப் பார்த்தான். 0.05. பிறகு 0.9. 2.4. 5.1-இல் நின்றது.

“இங்க வந்து பாருங்க. சாவி போடல, லைட் போடல. ராத்திரி முழுக்க இப்படிப் போனா பேட்டரி காலி. மறுநாள் வெயில்ல காஞ்சதும் சரியாயிடும். பகல்ல வந்தவன் யாரும் கண்டுபிடிக்க முடியாது. அவர அவுத்து வுடுங்க.”

யாரோ கயிற்றை அவிழ்த்தார்கள். பாண்டியன் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே ஏறி வந்தான். அவனுக்குப் பார்த்தாக வேண்டும்.

இன்பராஜ் உட்பலகையைக் கழற்றினான். எல்லா வயர்களும் வந்து சேரும் செம்புப் பட்டை. அதற்கும் வண்டியின் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில், மடித்துச் சொருகிய ஒரு துண்டுத் தோல். பதனிடும் குரோம் உப்பில் ஊறி, சாயம் ஏறாத நீலத் தோல். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. செம்பு பச்சையாகப் பூத்திருந்தது.

“மேஸ்திரி வெச்சது,” என்றான் வாசலில் நின்ற ஆள். “பட்டை கடகடன்னு ஆடுதுன்னு.” பின்னால் ஒருவன் சிரிப்பை அடக்கினான்.

“தோல்ல எப்டிடா கரண்ட் போவும்?” கன்னியப்பன் கேட்டார். “முப்பது வருசமா தோலத் தொட்டுனு கீறேன்.”

“காஞ்ச தோல்ல போவாது. இதுல உப்பும் குரோமும் இருக்குது. நனைஞ்சா அதுவும் வயர்தான்.”

கன்னியப்பன் இன்பராஜின் கழுத்தைப் பிடித்து முகத்தைக் கட்டில் சட்டத்தில் மோதினார். ஒரு முறை. இன்னொரு முறை. மூக்கிலிருந்து சூடாக இறங்கியது. இன்பராஜ் கையைத் தூக்கவில்லை. தூக்கத் தோன்றவில்லை. பேட்டரியின் நெகட்டிவ் கவ்வியை ஏற்கெனவே தளர்த்தி வைத்திருந்தான். விழுந்த இடத்தில் கை அதன் மேலேயே இருந்தது. தூக்கினால் போதும், கழன்று வரும், கரண்ட் நின்றுவிடும்.

“படிச்ச திமிரு,” என்று கன்னியப்பன் குனிந்தார். அந்தத் தோலை அங்கேயே இல்லாமல் செய்துவிட வேண்டும் அவருக்கு. நனைந்த கை இடுக்குக்குள் போனது. காப்பு மணிக்கட்டிலிருந்து வழுக்கி முன்னால் வந்தது.

இன்பராஜ் அதைப் பார்த்தான். ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருந்தது.

வெள்ளை வெளிச்சம் வெடித்தது. காப்பு ஒரு பக்கம் செம்பிலும் மறுபக்கம் சட்டத்திலும் ஒட்டிக்கொண்டது. கன்னியப்பன் கையை இழுத்தார். வரவில்லை. காப்பு சிவந்தது. அவர் போட்ட சத்தம் மனிதக் குரலாக இல்லை. தோல் தீயும் நாற்றம் எழுந்தது. எந்தத் தோல் என்று சொல்ல முடியவில்லை.

இன்பராஜின் கை கவ்வியின் மேல் இருந்தது.

“கழட்டுண்ணா! அண்ணா, கழட்டு!”

பாண்டியன் பாய்ந்து வந்தான். ஒடிந்த மூன்று விரல்களோடு இன்பராஜின் கையைத் தள்ளி, கவ்வியைப் பிடுங்கி எறிந்தான். பிறகு அவனும் கத்தினான்.

ஆஸ்பத்திரிக்கு அந்த வண்டியிலேயே போனார்கள். நீலத் தோலை உருவிவிட்டு, ஓஸிலிருந்து வெட்டிய ரப்பரை இடுக்கில் செருகி, கவ்வியை மாட்டினான் இன்பராஜ். முதல் சாவிக்கே எஞ்சின் எடுத்தது. பின்னால் தோல் சீட்டில் கன்னியப்பன் ஈரச்சாக்கு சுற்றிய கையோடு சாய்ந்திருந்தார். கண் திறந்துதான் இருந்தது. அவர் சரிந்துவிடாமல் பாண்டியன் தோளைக் கொடுத்திருந்தான்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டி நின்றது.

“மோதிரத்த கழட்டி வெச்சியேண்ணா,” என்றான் பாண்டியன். “அவருக்கு ஏன் சொல்லல?”

“சொல்லல.”

“அவர் கை வெந்துனு இருக்கச்சொல்ல உன் வாய் அசைஞ்சிது. நீ ஏதோ சாமி கும்புட்றன்னு நெனச்சேன். நீ ஒன்னு, ரெண்டுன்னு எண்ணினு இருந்த.”

இன்பராஜ் கண்ணாடியில் பார்த்தான். மூன்று கண்கள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன. பாண்டியனின் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

“எத்தினி வரைக்கும்ணா எண்ணியிருப்ப?”

கேட் திறந்தது. இன்பராஜ் கியரைப் போட்டான்.

“தெரியல,” என்றான்.