கல்லுப் பஞ்சு மாடி

எங்கள் மாடி அறைக்குக் கூரை தகர ஷீட். ஏப்ரலில் அதன் அடியில் அப்பளத்தைக் காட்டினால் பொரிந்துவிடும். நான் இரண்டு தின்றிருக்கிறேன், சத்தியமாக. விஷுவுக்குப் பூனாவிலிருந்து வரும் மகள் பத்மப்ரியா போனிலேயே சொல்லிவிட்டாள்.

"ரூம் அப்படியே இருந்தா ரெண்டு நாள்தான்ப்பா. அப்புறம் கழக்கூட்டத்துல மாமியார் ஃபிளாட்டுக்குப் போயிடுவேன். அங்கே ஏசி இருக்கு. குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு."

ஆறு மாதப் பேத்தி. அவளைப் பார்த்து மூன்று யுகமாகிறது. காலண்டர் மூன்று மாதம் என்கிறது. எனக்கு ஒரு மாதமாவது வேண்டாமா?

கிழக்கேகோட்டையில் விசாரித்துப் பிஜி என்ற ஸீலிங் வேலைக்காரனைப் பிடித்தேன். ஷீட்டுக்குக் கீழே ராக்வுல் அடைத்து, போர்டு போட்டு மூடினால் சூடு இறங்காதாம். ராக்வுல் பலகை பலகையாக வந்து இறங்கியது.

"மெத்தை மாதிரின்னா இருக்கு!" என்றேன்.

"மெத்தை அல்ல சாமி. கல்லை உருக்கி நூலாக்கினது. ஷர்ட் இடணும், கிளவுஸ் இடணும். இல்லேன்னா சொறியும் கேட்டோ."

"போடா, எனக்கு யானைத் தோல்."

ரிட்டயரான பிறகு வாயைத் தவிர எதற்கும் வேலையில்லாதவன் நான். வெற்று மார்போடு பலகைகளை அணைத்து மாடியேறினேன். அரை மணியில் பதினாயிரம் எறும்புகள் என்மேல் ஆறாட்டு ஊர்வலம் போயின. தேய்க்காமல் குளித்தேன், போகவில்லை. மனைவி அனந்தலக்ஷ்மி பார்சல் டேப்பை முதுகில் ஒட்டி ஒட்டி இழைகளை எடுத்தாள்.

"யானை கொஞ்சம் அசையாம நில்லுங்கோ!"

அன்று இரவுக்குள் பிஜி போர்டு போட்டு மூடிவிட்டான். மறுநாள் டாக்ஸியிலிருந்து இறங்கிய பத்மா, சிவந்த என் கைகளைப் பார்த்து, காரணத்தையும் கேட்டு, குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"என்னப்பா இது? அந்தப் பொடி இவ மேல விழுந்தா? வேண்டாம், நான் இப்பவே கழக்கூட்டம் போறேன்."

டாக்ஸியிலிருந்து எடுத்த அவள் பெட்டியை வாசலிலேயே வைத்தேன்.

"மேல வந்து பாரு, அப்புறம் போ," என்றாள் அனந்தலக்ஷ்மி.

பத்மா குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஸ்டூலில் ஏறி, கறுப்புத் துணியால் போர்டையும் மூலைமுடுக்கையும் துடைத்துப் பார்த்தாள். ஒரு இழை இல்லை. பிஜி அத்தனை இடுக்கையும் பூசி அடைத்திருந்தான். உச்சி வெயிலிலும் அறை இதமாகவே இருந்தது.

"ஒரு நிமிஷம் முதுகைச் சாய்க்கறேன்," என்று குழந்தையோடு பாயில் படுத்தாள்.

அவ்வளவுதான். தாயும் மகளும் வாய் லேசாகத் திறந்தபடி, ஒரே மாதிரித் தூங்கினார்கள். அவள் இப்படித் தூங்கி ஆறு மாதம் ஆகியிருக்கும் என்றாள் அனந்தலக்ஷ்மி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. கீழே காத்திருந்த டாக்ஸி டிரைவரைச் சைகையாலேயே அனுப்பிவைத்தேன்.

நாற்பது மணி நேரம் தூங்கினாள். கடிகாரம் நாலு மணி நேரம் என்றது. கலைந்த தலையோடு எழுந்து வந்தாள்.

"அம்மா, தூளி கட்ட மெத்துன்னு பழைய புடவை ஏதாவது இருக்கா?"

அனந்தலக்ஷ்மியின் பீரோவிலிருந்து முந்நூறு புடவைகள் கட்டிலில் வந்து விழுந்தன. பத்மா ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் வாசலில் கிடந்த அவள் பெட்டியை ஓசைப்படாமல் தூக்கிக்கொண்டு மாடியேறினேன்.