கண்ணை மூடிக்கொள்ளும் பயிற்சி

டாக்டரம்மாவுக்குப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. அதை அவரே சிரித்துக்கொண்டு ஒத்துக்கொள்வார். வாரம் முழுக்க மருத்துவமனையில் வயதானவர்களுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு, சனிக்கிழமை மத்தியானம் மற்றவர்கள் காலை நீட்டிப் படுத்திருக்கும் நேரத்தில், நூலகத்தின் மாடி அறையில் தொண்டர்களுக்கு வகுப்பு எடுப்பார். தனியாக வாழும் வயதானவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்துவர அவர் தொடங்கிய குழு அது. ஒரு வக்கீல், ஒரு பொறியாளர், ஒரு பல் மருத்துவர், ஓய்வு பெற்ற தலைமை நர்ஸ் என்று எல்லாரும் படித்தவர்கள். ஆகவே ஒரு நாற்காலியை நகர்த்துவதென்றாலும் கூட்டம் போட்டுத்தான் முடிவெடுப்பார்கள். முடிவு என்னவோ கடைசியில் டாக்டரம்மா சொல்வதாகத்தான் இருக்கும்.

அன்றைக்குப் பார்வை மங்கியவர்களுக்குத் தெரியும் உருவங்களைப் பற்றிப் பாடம்.

"கண்ணு சரியாத் தெரியலன்னா மூளை சும்மா இருக்காது. அதுவா ஒரு படத்தப் போட்டுக் காட்டும்," என்றார் டாக்டரம்மா. "சுவத்துல பூ பூக்கும். சின்னப் பசங்க ஓடுவாங்க. முன்னப்பின்ன தெரியாத ஆளு வந்து நிப்பாரு. பைத்தியம்னு நினைச்சுடாதீங்க. நாம பக்குவமா எடுத்துச் சொன்னா அவங்களே புரிஞ்சுப்பாங்க. நம்ம கோச்சையே எடுத்துக்கங்க."

கோச் என்றால் அங்கே எல்லாருக்கும் தெரியும். நூலகத்துக்குப் பின்தெருவில் இருக்கிறார். காலமெல்லாம் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனிக்கட்டை. நேரே பார்த்தால் கறுப்புத் திட்டுதான் தெரியும், ஓரக்கண்ணில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருக்கிறது. முதலில் ஜன்னலோரம் நீச்சல் தொப்பி போட்ட குழந்தைகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தார். டாக்டரம்மா விளக்கியதும், "அப்ப இவங்களுக்கு நான் சம்பளம் இல்லாம வேலை பாக்கறேன்னு சொல்லுங்க," என்று சிரித்தார்.

பிறகு ஒரு ஆள் வர ஆரம்பித்தான். குழுவின் தொண்டர்கள் போடும் அதே நீல மேல்சட்டை. வருவான், வீட்டுக்குள் நடப்பான், போய்விடுவான். அந்த நேரத்துக்கு யாரையும் அனுப்பவில்லை என்பது டாக்டரம்மாவுக்குத் தெரியும். தொண்டர்களைப் பார்த்துப் பார்த்து மூளை அதே சட்டையை எடுத்து மாட்டிவிட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு விடவில்லை. ஆள் வந்தால் பேச்சுக் கொடுக்கக் கூடாது, கண்ணை மூடிக்கொண்டு மூச்சை எண்ண வேண்டும், போய்விடுவான் என்று பயிற்சியும் கொடுத்தார். வாழ்நாள் முழுக்கப் பயிற்சி கொடுத்தே பழகிய மனிதருக்குப் பயிற்சி எடுத்துக்கொள்ளவும் தெரிந்திருந்தது. ஒரு வார்த்தை தட்டாமல் செய்தார்.

"இப்ப அவருக்குப் பயமே இல்ல," என்று டாக்டரம்மா பெருமையோடு முடித்தார்.

பின்வரிசையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள். "மேடம், அந்த உருவம் ஏதாவது பேசுமா?"

"பேசாது. இதுல சத்தமே கிடையாது, படம் மட்டும்தான். பேச்சோ இருமலோ காலடிச் சத்தமோ கேட்டுச்சுன்னா அது இந்தக் கோளாறே…"

டாக்டரம்மா அங்கேயே நின்றுவிட்டார்.

போன வாரம் கோச்சுக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் ஏதோ சொன்னார். "பாவம், அவனுக்கும் சளி புடிச்சிருக்கு போல. இருமிக்கிட்டேதான் பிரிட்ஜத் திறக்கறான்." டாக்டரம்மா மீட்டரைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். அடுத்தவர் காதில் விழும்படி கத்திக் கத்திப் பாடம் எடுத்த அதே வாரத்தில் தன் காதில் விழுந்ததை அவர் கேட்கவில்லை.

கோச் வீட்டில் சாமான்கள் காணாமல் போவதும் அப்போதுதான் உறைத்தது. கோப்பைகள், மனைவியின் கைக்கடிகாரம், ஒரு சின்ன ரேடியோ. அப்பாவுக்கு வைத்த இடம் மறந்துபோகிறது என்று வெளியூரில் இருக்கும் மகள் பயந்து டாக்டரம்மாவிடம் யோசனை கேட்டிருந்தாள். தனியாக விடுவது சரியில்லை, முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுங்கள் என்று டாக்டரம்மாவே சொல்லியிருந்தார். நாளைக் காலையில் மகள் வருகிறாள். "இந்த வீட்ட விட்டு மட்டும் அனுப்பிடாதீங்க டாக்டர், எனக்கு இங்கதான் தடவிப் பாத்தாவது நடக்கத் தெரியும்," என்று கோச் கெஞ்சியதற்கு, எல்லாம் பழகிவிடும் என்று முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தார்.

அறையில் எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கவனிக்காமல் டாக்டரம்மா போனை எடுத்துக் கோச் வீட்டுக்கு அடித்தார். நெடுநேரம் மணி போனது. எடுத்தவுடன் குரல் அடங்கியே வந்தது.

"டாக்டரா? அவன் வந்திருக்கான். கண்ண மூடிக்கிட்டுத்தான் இருக்கேன். பேசக் கூடாதில்ல, அப்புறமாப் பேசறேன்."

வைத்துவிட்டார்.

டாக்டரம்மா பக்கத்தில் இருந்த தலைமை நர்ஸின் கையைப் பிடித்தார்.

"அக்கா, போலீஸுக்குச் சொல்லுங்க. கோச் வீட்டுல ஆள் இருக்கு."

"அது படம்னு இப்பத்தான சொன்னீங்க?"

"நான் சொன்னது தப்பு."

டாக்டரம்மா அப்படிச் சொல்லி அக்கா கேட்டதே இல்லை. "நீங்க தனியாப் போகாதீங்க. வக்கீல் சாரையாவது கூட்டிக்கிட்டு…"

கேட்க டாக்டரம்மா அங்கே இல்லை. படிக்கட்டில் பாதி இறங்கியிருந்தார்.

பின்தெரு மத்தியான வெயிலில் ஆள் அரவமில்லாமல் கிடந்தது. எங்கேயோ துணி துவைக்கும் இயந்திரம் ஓடும் சத்தம். ஓடினால் மூச்சு வாங்கும், நடந்தால் தாமதமாகும், இரண்டும் கலந்த ஒரு நடையில் போனார். கோச் வீட்டு வாசலில் சாவிப்பெட்டி திறந்து தொங்கியது.

ஆபத்து நேரத்தில் கதவை உடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பதற்காகக் குழு பார்த்துக்கொள்ளும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் எண்பூட்டுப் போட்ட பெட்டியில் சாவி வைத்திருந்தார்கள். வீட்டுக்கு ஒரு எண் வைக்கலாம் என்று அக்கா மன்றாடினார். அவசரத்தில் எவருக்கு எந்த எண் ஞாபகம் வரும் என்று டாக்டரம்மா ஒரே எண்ணை எல்லா வீட்டுக்கும் வைத்துவிட்டார். பயிற்சிக்கு வந்தவர்கள், வந்து நின்றுபோனவர்கள், அத்தனை பேருக்கும் அது தெரியும். உள்ளே இருப்பவன் குழுவுக்கு வெளியிலிருந்து வந்தவனில்லை என்பது அந்த இடத்தில் புரிந்தது. திரும்பிப் போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அந்த நினைப்பைத் திட்டிக்கொண்டே கதவைத் தள்ளினார்.

கூடத்தில் கோச் தன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கைகள் நாற்காலியின் கைப்பிடியில். கண்கள் இறுக மூடியிருந்தன. உதடு மட்டும் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. சொல்லிக்கொடுத்தது சொல்லிக்கொடுத்தபடி, அச்சுப் பிசகாமல். படுக்கையறையில் அலமாரிக் கதவு கிறீச்சிட்டது. யாரோ இழுப்பறையை நிதானமாக இழுத்து, நிதானமாக மூடினார்கள். சொந்த வீட்டில்கூட மனிதர்கள் அத்தனை நிதானமாக இருப்பதில்லை.

டாக்டரம்மா நாற்காலி ஓரம் குனிந்தார். "ஐயா, நான்தான். சத்தம் போடாம எழுந்திரிங்க, வெளிய போயிடலாம்."

கோச் புன்னகைத்தார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

"ஐயா, கண்ணத் திறங்க. நான் டாக்டர்."

"ஓ, இப்ப டாக்டர் குரல்லயும் பேசறியா," என்று அவர் மெல்ல முணுமுணுத்தார். "நான் ஏமாற மாட்டேன்பா."

டாக்டரம்மா அவர் கையைப் பிடித்து இழுத்தார். வயதானாலும் தண்ணீரில் ஊறிய கை, அசைந்து கொடுக்கவில்லை. கைப்பிடியை இன்னும் கெட்டியாகப் பற்றிக்கொண்டது. இந்த மனிதரை இப்படிக் கட்டிப்போட எந்தத் திருடனாலும் முடியாது. தானே வாராவாரம் வந்து, அன்பாகப் பேசி, முடிச்சுப் போட்டுவிட்டுப் போயிருக்கிறோம் என்று நினைத்தபோது பயத்தோடு வெட்கமும் சேர்ந்துகொண்டது.

உள்ளே இருமல் கேட்டது. காலடி நெருங்கியது.

நீல மேல்சட்டை போட்டவன் தோளில் பையோடு வெளியே வந்தான். டாக்டரம்மாவைப் பார்த்ததும் நின்றான். அவருக்கு அவனைத் தெரிந்தது. முன்பு ஒரு பயிற்சி வகுப்புக்கு வந்தவன், முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்டவன். "அவங்க நிஜ ஆளப் பாத்தாக்கூட வெறும் படம்னு நினைச்சுக்க வாய்ப்பிருக்கா மேடம்?" என்று கேட்டவன். நல்ல கேள்வி என்று பாராட்டி, கோச்சை உதாரணம் காட்டிப் பதில் சொல்லியிருந்தார்.

அவன் ஓடவில்லை. ஒரு விரலை உதட்டின் மேல் வைத்தான். பிறகு நடந்து வந்து கோச்சின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, சாய்மானத்தில் கையை வைத்துக்கொண்டான். அந்தக் கைக்கும் கோச்சின் பிடரிக்கும் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று அந்தக் கை சொல்லியது.

கோச் மூச்சை எண்ணுவதை நிறுத்திவிட்டார். நெற்றி சுருங்கியது.

"டாக்டர்," என்றார். "உங்க கையில மருந்து வாசனை அடிக்குது. நிஜமாவே நீங்கதானா?"

டாக்டரம்மா நாற்காலிக்குப் பின்னால் நின்றவனை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கதான்னா ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இங்க ஒருத்தன் நிக்கறானே, அவன் உங்களுக்கும் தெரியறானா?"

பின்னால் நின்றவன் வேண்டாம் என்று மெதுவாகத் தலையசைத்தான். டாக்டரம்மா பேசாமல் இருந்தால் போதும். அவன் பையோடு போய்விடுவான், யாருக்கும் கீறல் விழாது. நாளைக்கு மகள் வந்து புத்தி பிசகிய அப்பாவைக் கைத்தாங்கலாக வண்டியில் ஏற்றிப் போவாள். இந்தக் கிழவர் மிச்ச நாளெல்லாம் தன் கண்ணையும் நம்பாமல் தன் காதையும் நம்பாமல் ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு அறையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

தெருவில் இன்னும் போலீஸ் வண்டி வரவில்லை.

"தெரியறான் ஐயா," என்றார் டாக்டரம்மா. "நல்லாத் தெரியறான். உங்க பின்னாடி நிக்கறான். நிஜமான ஆளு."

கோச் கண்ணைத் திறந்தார். நேரே பார்க்கவில்லை. கழுத்தை ஒருபக்கம் திருப்பி, தனக்கு மிஞ்சியிருந்த அந்த ஓரக்கண் வெளிச்சத்தில் பின்னால் நிற்பவனைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவன் எதிர்பார்த்திருக்கவில்லை. கையை எடுத்தான். பையைப் பற்றிக்கொண்டு, டாக்டரம்மாவைச் சுவரோடு இடித்துத் தள்ளிவிட்டு வாசலைத் தாண்டி ஓடினான்.

டாக்டரம்மா தடுமாறிப் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். போட்ட பிறகும் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். அதே எண்ணில் திறக்கும் மற்ற வீடுகள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. ஓடியவன் இப்போது எந்தத் தெருப்பக்கம் திரும்பியிருப்பான் என்று நினைக்கவே பயமாக இருந்தது. போனில் அக்காவை அழைத்து, எல்லா வீட்டுக்கும் ஆள் அனுப்பச் சொல்லி, சாவிகளை உடனே எடுக்கச் சொன்னார்.

திரும்பியபோது கோச் அதே நாற்காலியில்தான் இருந்தார். சந்தோஷப்படுவார், தன் புத்தி சரியாகத்தான் இருக்கிறது என்று நிம்மதியாக ஒரு மூச்சு விடுவார் என்று டாக்டரம்மா எதிர்பார்த்தார். அவர் முகத்தில் இரத்தமே இல்லை.

"அப்ப அவன் வந்ததெல்லாம் நிஜமா?"

"ஆமா ஐயா. என்ன மன்னிச்சுடுங்க. உங்க மகள்கிட்ட நானே பேசறேன். நீங்க எங்கயும் போக வேண்டாம்."

அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. கை தானாக எழும்பித் தொண்டையைத் தடவியது.

"முந்தாநேத்து அவன் என் முன்னாடி வந்து குனிஞ்சு நின்னான் டாக்டர். என் கழுத்துல ரெண்டு கையையும் வெச்சான். ரொம்ப நேரம் வெச்சிருந்தான். லேசா அழுத்திக்கூடப் பாத்தான். சொன்னா பொண்ணு உடனே கூட்டிட்டுப் போயிடுவாளேன்னு உங்ககிட்ட சொல்லல."

டாக்டரம்மா அவர் சட்டைக் கழுத்தை விலக்கிப் பார்த்தார்.

"நான் அசையவே இல்ல," என்றார் கோச். "நீங்க சொன்ன மாதிரியே மூச்ச எண்ணிக்கிட்டிருந்தேன்."