கேப்டன் மாறிய வாரம்

காலையில் தெருவில் தறிக்கான பாவு நூலை நீளமாக நீட்டிக் கஞ்சி போடும்போது, வாரப் பத்திரிகையில் வரும் விண்வெளித் தொடரை உரக்க வாசிப்பது ரங்கராஜின் வழக்கம். பத்து வருஷத்துக்கு முன் முடிந்துபோன தொடர் அது. இப்போது வேறொரு எழுத்தாளர் அதைப் புதிதாகத் தொடங்கி, மேகலா என்ற பெண்ணை விண்கப்பலுக்குக் கேப்டனாக்கியிருந்தார். ரங்கராஜுக்குப் பொறுக்கவில்லை. பழைய கேப்டன் மார்த்தாண்டனே வேண்டும் என்று ஊரெல்லாம் கையெழுத்து வாங்கி அனுப்பியிருந்தான்.

இந்த வாரம் எரிகல் மோதி மேகலா இரண்டே வரியில் செத்துப்போனாள். மார்த்தாண்டன் கப்பலில் ஏறினான்.

"ஏலே, நம்ம சொல்லுக்குப் பயந்துட்டாகலே" என்று பக்கத்து வீட்டுக் கருணாகரன் சிரித்தான். பத்திரிகையை வாங்கி, அடியில் இருந்த ஆசிரியர் குறிப்பையும் அவனே வாசித்தான்.

"அருப்புக்கோட்டை வாசகர்கள் ரங்கராஜ், லிங்கம்மாள் முதலானோரின் விருப்பப்படி..."

கஞ்சி போட்டுக்கொண்டிருந்த லிங்கம்மாளின் கை நின்றது. வாராவாரம் மேகலாவுக்காகவே காது கொடுத்தவள் அவள்.

"எம் பேரு எப்படி வந்துச்சு?" என்று கணவனைக் கேட்டாள்.

"ஆள் கூடுதலாத் தெரியட்டும்னு நாந்தான் போட்டேன்."

"ரேஷன் கார்டுல சேக்கிறாப்பல சேத்துட்டான் மதினி" என்றான் கருணாகரன். யாரும் சிரிக்கவில்லை.

"ஒரு வார்த்த கேட்டிருந்தா, அவ இருக்கட்டும்னு சொல்லியிருப்பேன்."

பாவுக்கு அந்தப் பக்கம் நின்ற அவள் முகத்தை ரங்கராஜால் பார்க்க முடியவில்லை.

"மிச்சத்தையும் வாசிங்க. உங்க கேப்டன்தான் வந்துட்டாகல்ல."

மார்த்தாண்டன் மறுபடி பேசும் ஒரு வசனத்துக்காகப் பத்து வருஷம் காத்திருந்தவன், பத்திரிகையைத் திரும்ப வாங்கி வாசித்தான். குரல் பாதிப் பாவுக்குக்கூட எட்டவில்லை.